கைவிளக்கும் கலிங்கும்

இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் உழவர் கையில் ஒரு விளக்கு இருத்தல் வேண்டும். வரப்பின்மீது கிடப்பது கயிறா, பாம்பா என்பதை அவருக்குக் காட்டுவது அவ்விளக்கே. முன்னாளில் அது மண்ணெண்ணெய் ஊற்றிய அரிக்கேன் விளக்காக இருந்தது. பின்னர், மெல்லிய இழையுடைய சிறு குமிழ் பொருத்திய மின்கைவிளக்கு வந்தது. இந்நாளில் மலிவாக விற்கப்பெறும் கைவிளக்குகள் பலவற்றின் முகத்தில், தாமரைப் பொகுட்டில் விதைகள் பதிந்திருத்தல் போல, ஒன்பது சிறு மணிகள் பதிந்திருக்கக் காணலாம். அவை ஒளியுமிழ் டையோடுகள், கடைத்தெருவில் எல்.இ.டி. என வழங்கப்பெறுவன.

வாங்கிய புதிதில் ஒன்பது மணிகளும் பளிச்சென ஒளிரும். சில திங்கள் கழிந்தபின் ஒன்று அணையும். இரண்டாவது மணி அணைதற்கு அத்துணைக் காலம் ஆவதில்லை. மூன்றாவது அதனினும் விரைந்து அணையும். மின்கலம் பழுதுபோலும் என எண்ணிப் புதிய மின்கலங்களை இட்டால், இட்ட அன்றே மேலும் ஒன்று அணைந்து வியப்பூட்டுவதும் உண்டு. மின்கலமும் நன்று, மணிகளும் பெரும்பாலும் நன்று. குறை அவற்றை இணைத்த முறையில் உளது. அம்முறைக்குப் பக்க இணைப்பு என்று பெயர்.

பக்க இணைப்பின் இயல்பை அறிதற்கு முன் இரண்டு சொற்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். ஒன்று மின்னழுத்தம், மற்றொன்று மின்னோட்டம். 'வோல்ட்டேஜ் குறைவு', 'கரண்டு குறைவு' என இவ்விரண்டையும் ஒருபொருட் பன்மொழி போல ஆளுவோர் உளர். அவை ஒரு பொருள் குறித்தன அல்ல. ஒன்று காரணம், மற்றொன்று காரியம். ஏரியில் நீர் எவ்வளவு உயரம் நிற்கின்றது என்பது வேறு. மதகின் வழியே நொடிதோறும் எவ்வளவு நீர் பாய்கின்றது என்பது வேறு. நீர்மட்டத்தின் உயரம் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ட்டு என்னும் அலகால் அளப்பர். பாயும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அதனை ஆம்பியர் என்னும் அலகால் அளப்பர். ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லியாம்பியர் ஆகும்.

மதகு குறுகியதாயின் நீர் குறைவாகவும், அகன்றதாயின் மிகுதியாகவும் பாய்வது இயல்பு. மின்னோட்டத்தை அவ்வாறு குறுக்குவது மின்தடை. அதன் அலகு ஓம். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்மூன்றன் தொடர்பையும் நிறுவினார். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுக்க, மின்னோட்டம் கிடைக்கும். இவ்வொரு வகுத்தற் கணக்கு கைவசம் இருந்தால், கைவிளக்கின் மறைபொருள் அனைத்தும் வெளிப்பட்டுவிடும்.

முதற்கண் மின்கலங்களை நோக்குக. இத்தாலிய நாட்டு வோல்ட்டா 1800 ஆம் ஆண்டில், துத்தநாகம், வெள்ளி ஆகிய இருவகைத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டையையும் மாறிமாறி அடுக்கி, முதல் மின்கல அடுக்கைச் செய்தார். தகடுகளை அடுக்க அடுக்க மின்னழுத்தம் ஏறியது. ஒரு கலத்தின் நேர்முனையை அடுத்த கலத்தின் எதிர்முனையோடு சேர்க்கும் அம்முறை தொடர் இணைப்பு எனப்படும். 1.5 வோல்ட்டு மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட்டு கிடைக்கும்.

நேர்முனைகளையெல்லாம் ஒரு கம்பியிலும் எதிர்முனைகளையெல்லாம் மற்றொரு கம்பியிலும் சேர்த்தால் அது பக்க இணைப்பு. இவ்வாறு 1.5 வோல்ட்டு மின்கலங்கள் இரண்டை இணைத்தால் கிடைப்பது 3 வோல்ட்டு அன்று; 1.5 வோல்ட்டே. நீர்மட்டம் ஒத்த இரண்டு ஏரிகளை ஒரு கால்வாயால் இணைத்துவிட்டால் நீர்மட்டம் உயர்ந்துவிடுமா? உயராது. ஆயினும் பாசனத்திற்கு உரிய நீர் இருமடங்காகும். அதுபோலவே, பக்கமாக இணைந்த ஒத்த கலங்கள் இரண்டும் சுமையைச் செம்பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். விளக்கிற்கு 20 மில்லியாம்பியர் வேண்டுமாயின் ஒவ்வொரு கலமும் 10 மில்லியாம்பியர் தரும். ஒரு கலம் தனித்துப் பத்து மணி நேரம் எரிக்குமாயின், இரண்டும் கூடி இருபது மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ எரிக்கும்.

விளக்கின் ஒளி மிகுமா என்பது அடுத்து எழும் வினா. இதற்கு 'ஆம்' என்றும் கூறலாம், 'இல்லை' என்றும் கூறலாம், விளக்கைப் பொறுத்தது. ஒவ்வொரு மின்கலத்தினுள்ளும் ஒரு சிறு தடை மறைந்துள்ளது. அதனை அகத்தடை என்பர். அது 0.5 ஓம் என்க. வெளியே இணைத்த கருவியின் தடை 75 ஓம் ஆயின், ஒரு கலத்தால் கிடைக்கும் மின்னோட்டம் 1.5 ஐ 75.5 ஆல் வகுத்த ஈவு, அஃதாவது 19.9 மில்லியாம்பியர். பக்கமாக இணைந்த இரு கலங்களின் அகத்தடை பாதியாகி 0.25 ஓம் ஆகும். அப்பொழுதும் மின்னோட்டம் ஏறக்குறைய அதே 19.9 மில்லியாம்பியரே. கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஆனால் வெளியே உள்ள தடை 1 ஓம் மட்டுமே ஆயின் நிலைமை மாறும். ஒரு கலம் 1 ஆம்பியர் தரும். அப்பொழுது அதன் முனைகளில் எஞ்சி நிற்கும் மின்னழுத்தம் 1 வோல்ட்டுதான். மற்றைய அரை வோல்ட்டு கலத்தினுள்ளேயே செலவாகிவிடும். இரு கலங்கள் கூடினால் 1.2 ஆம்பியர் கிடைக்கும், முனைகளில் 1.2 வோல்ட்டு நிற்கும். ஆகவே, பக்க இணைப்பு மின்னழுத்தத்தை உயர்த்துவதில்லை. பெருஞ்சுமையின்கீழ் அது தாழாதவாறு தாங்கிப் பிடிக்கின்றது.

இவையெல்லாம் ஒத்த கலங்களுக்கே பொருந்தும். ஒவ்வாத கலங்களைப் பக்கமாக இணைத்தல் தீங்கு பயக்கும். 1.5 வோல்ட்டுடைய புதிய கலத்தோடு, தேய்ந்து 1.2 வோல்ட்டாகிவிட்ட பழைய கலத்தை இணைத்தால், விளக்கு எதனையும் பொருத்தாத நிலையிலும் மின்னோட்டம் நிகழும். மேட்டு ஏரியின் நீர் பள்ளத்து ஏரிக்கு இறங்குதல் போல, புதிய கலத்தின் ஆற்றல் பழையதனுள் பாயும். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.3 வோல்ட்டு, இரு அகத்தடைகளும் சேர்ந்து 1 ஓம், எனவே 0.3 ஆம்பியர், அஃதாவது 300 மில்லியாம்பியர். ஒரு சிறு விளக்கிற்கு வேண்டுவது 20 மில்லியாம்பியர் என்பதை ஈண்டு நினைவுகூர்க. பதினைந்து விளக்குகளுக்குப் போதுமான மின்னோட்டம் ஒருவர்க்கும் பயனின்றிக் கலத்தினுள் வெப்பமாகக் கழிகின்றது. மீண்டும் மின்னூட்டத்தகாத உலர்கலத்தினுள் இவ்வாறு மின்னோட்டத்தைச் செலுத்துவதால் அது கசிந்து கெடுதலும் உண்டு.

கைப்பேசி முதலியவற்றிற்குப் பயன்படும் லித்தியம் அயனிக் கலங்களில் இத்தவறு மேலும் கொடிது. அவற்றின் அகத்தடை மிகச் சிறிது. நிறைந்த கலத்தில் 4.2 வோல்ட்டும், தேய்ந்த கலத்தில் 3.4 வோல்ட்டும் இருக்க, ஒவ்வொன்றன் அகத்தடையும் 0.05 ஓம் ஆயின், 0.8 ஐ 0.1 ஆல் வகுக்க 8 ஆம்பியர் வருகின்றது. அத்தகைய கலம் கொதித்துத் தீப்பற்றவும் கூடும். முனைகளை மாற்றி இணைத்துவிட்டாலோ வேறுபாடு 0.8 வோல்ட்டு அன்று; இரு கலங்களின் மின்னழுத்தமும் கூடிய 7.6 வோல்ட்டு. பழைய கைப்பேசிகளிலிருந்து கழற்றிய கலங்களைக் கம்பியால் கட்டி விளையாடும் சிறுவர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

இனி, விளக்குகளைப் பக்கமாக இணைக்கும் முறையை ஆராயலாம். அமெரிக்க நாட்டு எடிசன் 1882 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நியூயார்க்கு நகரத்துப் பேர்ல் தெருவில் மின்னிலையம் நிறுவி, ஏறக்குறைய 110 வோல்ட்டு மின்னழுத்தத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் வழங்கினார். அதற்கு முன் தெருக்களில் எரிந்த வில்விளக்குகள் பெரும்பாலும் தொடராகக் கோக்கப்பெற்றவை. வீட்டு விளக்குகளை அவ்வாறு கோத்தால் ஒரு வீட்டில் விளக்கை அணைக்குங்கால் மற்றை வீடுகளும் இருளில் மூழ்கும். எடிசன் பக்க இணைப்பையே கைக்கொண்டார். அதனால் எல்லா விளக்குகளுக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைத்தது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டது. தலைவாய்க்காலில் வரும் நீர் கிளைவாய்க்கால்களில் பிரியும் நீரின் கூட்டுத்தொகைக்குச் சமம் ஆவது போல, மின்னோட்டமும் பிரிந்து கூடுங்கால் அளவு பிறழ்வதில்லை. கிர்க்காஃப் என்னும் ஜெர்மானியர் 1845 ஆம் ஆண்டில் இதனை விதியாக்கி உரைத்தார்.

இழைவிளக்குகள் பக்க இணைப்பில் ஒன்றோடொன்று பிணங்காமல் வாழ்ந்தன. அதற்கு ஒரு காரணம் உண்டு. இழை சூடேறச் சூடேற அதன் தடை மிகும். எந்த விளக்கேனும் மிகுதியாக மின்னோட்டத்தை எடுக்கத் தொடங்கினால் அதன் தடை ஏறி அதனை அடக்கிவிடும். தன்னைத்தான் காக்கும் அடக்கம் இழைக்கு இயற்கையிலேயே அமைந்திருந்தது.

ஒளியுமிழ் டையோடுக்கு அவ்வடக்கம் இல்லை. அது குறைகடத்தி என்னும் பொருளால் ஆகியது. ஒரு பக்கத்தில் எலக்ட்ரான்கள் மிக்கும், மறு பக்கத்தில் அவை அமர்தற்குரிய வெற்றிடங்கள் மிக்கும் இருக்கும். எலக்ட்ரான் வெற்றிடத்தில் சென்று வீழுங்கால் வெளிப்படும் ஆற்றலே ஒளியாகின்றது. அவ்வீழ்ச்சியின் ஆழத்திற்கு ஏற்ப நிறம் வேறுபடும். கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி தரும் டையோடை அமெரிக்கராகிய ஹாலோன்யாக் 1962 ஆம் ஆண்டில் உருவாக்கினார். நீல ஒளியோ நெடுங்காலம் கைகூடவில்லை. ஜப்பானில் அகசாகியும் அமானோவும் ஒருபுறமும், நாகமுரா மற்றொருபுறமும் பல்லாண்டு உழைத்தனர். பேரொளி வீசும் நீல டையோடு 1993 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மூவர்க்கும் 2014 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நீல டையோடின்மேல் மஞ்சள் ஒளி தரும் பொடியைப் பூசினால் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும். கைவிளக்கில் உள்ளவை அத்தகையனவே.

இதன் இயல்பை விளக்க மதகினும் கலிங்கே ஏற்ற உவமை. ஏரி நிரம்பியபின் மிகுநீர் வழிந்து செல்லுமாறு கரையினும் தாழக் கட்டப்பெற்ற கற்கட்டடம் கலிங்கு எனப்படும். நீர்மட்டம் கலிங்கின் முகட்டை எட்டும் வரை ஒரு துளியும் வழியாது. முகட்டைக் கடந்தபின் மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலும் வெள்ளம் பெருகிப் பாயும். ஒளியுமிழ் டையோடும் அவ்வாறே. அதன் முகட்டை எட்டும் வரை மின்னோட்டம் இல்லையென்றே கூறலாம். சிவப்பு டையோடின் முகடு ஏறக்குறைய 2 வோல்ட்டு. வெள்ளை டையோடின் முகடு ஏறக்குறைய 3 வோல்ட்டு. அதற்குமேல் மின்னழுத்தம் பத்தில் ஒரு வோல்ட்டு உயரினும் மின்னோட்டம் ஒன்றரை மடங்காதல் கூடும்.

ஒரே ஏரியில் உயரம் வேறுபட்ட இரண்டு கலிங்குகள் இருந்தால் நீர் எதன் வழியே போகும்? தாழ்ந்ததன் வழியே போகும். அது முழுவதையும் வடித்துவிடுமாயின் உயர்ந்த கலிங்கு உலர்ந்தே கிடக்கும். இதனைப் பள்ளி ஆய்வறையிலேயே கண்டு மகிழலாம். 1.5 வோல்ட்டு மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்து, 150 ஓம் மின்தடை ஒன்றன் வழியே ஒரு வெள்ளை டையோடைப் பொருத்துக. 4.5 வோல்ட்டில் 3 போக எஞ்சிய 1.5 ஐ 150 ஆல் வகுக்க, 10 மில்லியாம்பியர் பாய்ந்து வெள்ளொளி வீசும். இப்பொழுது அந்த வெள்ளை டையோடின் இரு கால்களிலும் படுமாறு ஒரு சிவப்பு டையோடைப் பக்கமாக இணைக்க, இரண்டும் சேர்ந்து ஒளிரும் என்றே காண்போர் எதிர்பார்ப்பர். அவ்வாறு நிகழாது. சிவப்பு ஒளிரும், அக்கணமே வெள்ளை அணைந்துவிடும். சிவப்பை எடுத்துவிட்டால் வெள்ளை மீண்டும் உயிர்பெறும். பக்க இணைப்பில் இரண்டிற்கும் மின்னழுத்தம் ஒன்றே. சிவப்பு டையோடு அதனை 2 வோல்ட்டிற்கு இறக்கிவிடுகின்றது. 3 வோல்ட்டு முகட்டையுடைய வெள்ளை அங்கு என் செய்யும்?

வெள்ளையோடு வெள்ளையை இணைத்தால் இத்தொல்லை இல்லையே என்று கருதுதல் கூடும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒத்த உயரமாக வளர்வதில்லை. ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த டையோடுகளிலும் ஒன்றன் முகடு 3.0 வோல்ட்டாகவும் மற்றொன்றன் முகடு 3.2 வோல்ட்டாகவும் அமைதல் உண்டு. இவ்விரண்டையும் பக்கமாக இணைத்துப் பொதுவான மின்தடை ஒன்றன் வழியே 40 மில்லியாம்பியர் செலுத்தினால், ஆளுக்கு இருபதாகப் பங்கு பிரியாது. ஒன்று முப்பதையும் மற்றொன்று பத்தையும் பெறலாம். அம்மட்டோடு நின்றாலும் கேடு சிறிதே. மிகுதியாகப் பெற்ற டையோடு சூடேறும். இழைக்குச் சூட்டால் தடை ஏறியது. டையோடுக்கோ சூட்டால் முகடு தாழ்கின்றது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் முகடு ஏறக்குறைய ஆயிரத்தில் இரண்டு வோல்ட்டு இறங்கும். ஐம்பது பாகை உயர்ந்தால் பத்தில் ஒரு வோல்ட்டு. முகடு தாழ்ந்தமையால் மேலும் மின்னோட்டம் வரும்; வந்தமையால் மேலும் சூடாகும். பெருவெள்ளம் கலிங்கின் கல்லைப் பெயர்க்க, பெயர்ந்த வழியே வெள்ளம் மேலும் பெருகி, இறுதியில் கலிங்கே உடைந்துபோதலை இது ஒக்கும்.

கைவிளக்கின் கதை இப்பொழுது விளங்கும். ஒன்பது மணிகளும் பக்கமாக இணைக்கப்பெற்று, எல்லாவற்றிற்கும் பொதுவாக ஒரே மின்தடை வைக்கப்பெற்றிருக்கும். சில விளக்குகளில் அதுவும் இராது. மின்கலத்தின் அகத்தடையையே நம்பி விட்டிருப்பர். மணிக்கு 20 ஆக மொத்தம் 180 மில்லியாம்பியர் பாய்கின்றது என்க. தாழ்ந்த முகடுடைய மணி மிகுதியாக உண்டு, முதலில் அழியும். எஞ்சிய எட்டும் 180 இற்குச் சற்றே குறைந்த மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மணிக்கு 22 மில்லியாம்பியர் ஆகின்றது. இரண்டாவதும் அழிந்தால் மணிக்கு 25. நான்கே எஞ்சினால் மணிக்கு 40 அளவில் வந்துவிடும். சுமப்போர் குறையக் குறையச் சுமை ஏறுதலின், அழிவும் விரைகின்றது. புதிய மின்கலம் இட்ட அன்று ஒன்று அணைவதும் இதனாலேயே. தேய்ந்த கலத்தின் பெரிய அகத்தடை எஞ்சிய மணிகளைக் காத்துக்கொண்டிருந்தது. புதிய கலம் அக்காவலை நீக்கிவிட்டது. காரக் கலங்கள் எனப்படும் வலிய கலங்களின் அகத்தடை இன்னும் சிறிது. ஆதலின் அவற்றை இட்டால் இடர் மிகும்.

அழியும் மணி எப்பொழுதும் வழியை மூடிக்கொண்டே அழியும் என்பதில்லை. சிலபோது அதன் உள்ளே குறுக்குவழி ஏற்பட்டுவிடும். அப்பொழுது முகடே இல்லாத கலிங்கு போல அது மின்னோட்டம் முழுவதையும் விழுங்க, எஞ்சிய எட்டும் ஒருங்கே அணையும்.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே ஒரு மின்தடை அமைத்தல் வேண்டும். 4.5 வோல்ட்டில் மணிக்கு 3 வோல்ட்டு போக, 1.5 எஞ்சும். 20 மில்லியாம்பியர் மட்டுமே பாய வேண்டுமாயின் 1.5 ஐ 0.02 ஆல் வகுக்க 75 ஓம் வரும். இப்பொழுது 3.0 வோல்ட்டு மணி 20 மில்லியாம்பியரும், 3.2 வோல்ட்டு மணி ஏறக்குறைய 17 மில்லியாம்பியரும் பெறும். முப்பதும் பத்துமாக இருந்த ஏற்றத்தாழ்வு இருபதும் பதினேழுமாகச் சுருங்கிவிட்டது; கண்ணுக்கு அது புலப்படாது. ஒரு மணி மூடிக்கொண்டாலும் பிறவற்றின் பங்கு மாறாது. குறுக்குவழியாகிக் கெட்டாலும் அதன் வழியே 60 மில்லியாம்பியருக்குமேல் பாயாது, ஏனையவை எரிந்துகொண்டிருக்கும். தனி மின்தடை ஒன்றன் விலை மிகச் சிறிது. அச்சிறு காசை ஒன்பது முறை மிச்சப்படுத்தியவர் இழப்பதில்லை. இருளில் வரப்பின்மீது நிற்பவரே இழக்கின்றார்.

மின்தடைக்கும் ஒரு குறை உண்டு. 4.5 வோல்ட்டில் 1.5 வோல்ட்டை, அஃதாவது மின்கலத்து ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை, அது வெப்பமாக்கி வீணாக்குகின்றது. ஆதலின் விலை மிக்க விளக்குகளில், மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் மின்னணுச் சுற்றொன்றை அமைத்து, டையோடுகளைத் தொடராகக் கோத்துவிடுவர். தொடர் இணைப்பில் வழி ஒன்றே ஆகையால் எல்லா டையோடுகளிலும் ஒரே மின்னோட்டமே பாயும். முகடு வேறுபடுதல் பற்றிக் கவலை இல்லை. வீட்டுக் கூரையில் எரியும் எல்.இ.டி. குமிழ்கள் பலவற்றுள் டையோடுகள் இவ்வாறே கோக்கப்பெற்றுள்ளன. அத்தகைய குமிழ் அணைந்துபோனால் பழுது பார்ப்போர் அதன் மூடியைக் கழற்றி, மஞ்சள் புள்ளிகளாக வரிசையில் நிற்கும் டையோடுகளுள் நடுவே கருமை படிந்தது எது என்று தேடுவர். பெரும்பாலும் அவ்வொன்றே கெட்டிருக்கும். ஏனையவை குற்றமின்றி அதன்பொருட்டு இருண்டு நிற்கும்.